சும்மா ஆடினவள்

ரோசம்மாவுக்குப் பேய் பிடித்திருந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் தேக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் மண் விழ! அவளுக்குப் பேயும் பிடிக்கவில்லை, பிசாசும் பிடிக்கவில்லை. அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைப் பலகைச் சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். எனக்குத் தெரியாததா இவர்களுக்குத் தெரிந்துவிட்டது?

எனக்கு எழுத வராது. அந்தோனியம்மாள் என்றால் தெரியாதவர்கள்கூட ஆப்பக்காரி என்றால் தெரிந்துகொள்வார்கள். நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறான். மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஆகையால் என் பேச்சைச் சலவை செய்துதான் எழுதுவான். பேச்சை வெளுத்துக்கொள், கோபத்தை மட்டும் வெளுத்துவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வால்நட்சத்திரம் வந்த வருஷம் அது. எட்வர்ட் ராஜாவும் அந்த வருஷம்தான் செத்தார். ஊரே பயந்து கிடந்தது. சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி மணியடித்தால்கூட நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிற ஆட்களை நான் பார்த்தேன். ரோட்டிலிருந்து எருமைக் கொட்டில்களைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் வரிசை வீடு. அத்தாப்பு ஓலைக் கூரை, குடும்பத்துக்கு ஒரு அறை. பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சண்டை என்று வந்தால் தண்ணீர்க் குழாயடியில்தான், சாமிக்காக யாரும் சண்டை போட்டதில்லை.

ரோசம்மாவின் புருஷன் சிலுவைராஜ் முனிசிபல் ரோட்டு வேலையில் கங்காணி. அவள் வாய்க்கால் ஓரத்தில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், அவன் கிடங்கில் ஓட்டைச் சாக்குகளைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் கோணி ஊசியைக் கையில் எடுத்தால் மூன்று மணி வரை தலை நிமிராத வேலை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வரும்போது கொடிபோல இருந்தவளுக்கு முதுகில் கூன் விழ ஆரம்பித்திருந்தது. இரண்டு பிள்ளை பெற்றாள். மூத்தது பிறந்தபோதே போய்விட்டது. சின்னவன் நடக்கப் பழகிய பிறகு காய்ச்சலில் போனான். அவள் அழுதுகூட நான் பார்த்ததில்லை. பேசவே மாட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல கெளுத்தி மீன் வந்திருக்கிறது என்று சொல்லக் கிடங்குக்குப் போனேன். மற்றப் பெண்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். தைத்த சாக்குகளை அன்றைக்குத்தான் வண்டியில் ஏற்றியிருந்ததால் கிடங்கு காலியாக இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ரோசம்மா ஆடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் என்றால் கும்மி இல்லை, கோலாட்டம் இல்லை, ஊரில் தாசிகள் ஆடுகிற சதிரும் இல்லை. பாட்டு இல்லை, தாளம் இல்லை. கண்ணை மூடியிருந்தாள். கை போகிற இடத்துக்குப் போனது, இடுப்பு அதன் பாட்டுக்குத் திரும்பியது. மெதுவாக ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வேகமெடுத்து, சணல் தூசி எழும்ப ஆடி, பிறகு தானாகவே தணிந்து நடுக் கிடங்கில் நின்றாள். மூச்சு வாங்கியது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 

“என்னடி இது?” என்றேன்.

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். “சும்மாக்கா” என்றாள்.

“சும்மான்னா?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். “குனிஞ்சு தச்சிக்கிட்டே இருக்கேன்ல, அப்ப இந்த மனசு பேசிக்கிட்டே இருக்குக்கா. சின்னவனுக்கு முன்னாடியே கசாயம் குடுத்திருக்கணும், அன்னைக்கு மழையில தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாது, அப்படி இப்படின்னு ஓயவே மாட்டேங்குது. ஒரு நாள் இடுப்பு பிடிச்சிக்கிச்சுன்னு எந்திரிச்சுக் கையத் தூக்கினேன். இறக்கணும்னு தோணல. அப்படியே விட்டுட்டேன். அது பாட்டுக்கு ஆடிச்சு. ஆடி முடிச்சுப் பாத்தா உள்ள சத்தமே இல்லக்கா. சும்மா இருந்துச்சு.”

“செபமாலை சொல்லேன்டி. மனசு அடங்கும்.”

“சொல்லிப் பாத்தேன். வாயி செபமாலை சொல்லுது, மனசு கசாயத்தையே சொல்லுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. எனக்குன்னு வேற என்ன இருக்கு? இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்.”

நான் வாயாடிதான். ஆனால் அதை ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்லவில்லை. ஒழிந்த நேரத்தில் கிடங்கு வாசலில் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், யாரும் உள்ளே வந்துவிடாமல் இருக்க. ஒரு தரம் நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். என் மனசு அடங்கவில்லை, முழங்கால்தான் பிடித்துக்கொண்டது. ரோசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கூன் நிமிர்ந்தது, சோறு இறங்கியது, குழாயடியில் நாலு வார்த்தை பேசவும் ஆரம்பித்தாள். இதில் யார் குடி கெட்டது, சொல்லுங்கள்?

கெடுத்தது மருதப்பனின் எருமை. மருதப்பன் எங்கள் வரிசையிலேயே இருந்த வண்டிக்காரன், நல்லவன், கொஞ்சம் மந்தம். அவன் எருமை ஒன்று அறுத்துக்கொண்டு ஓடிவிட, தேடிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக வந்திருக்கிறான். அன்றைக்குப் பார்த்து நான் வாசலில் இல்லை. கதவு இடுக்கில் பார்த்தவன், தலைமேல் கையைக் கூப்பிக்கொண்டு தடாலென்று கிடங்குக்குள்ளேயே விழுந்தானாம்.

“ஆத்தா! யாரு வந்திருக்கீங்க தாயி?”

“யாரும் வரலண்ணே. நான்தான்.”

“என் எருமைய எங்க தாயி காணோம்?”

காலையில் வரும்போது வாய்க்காலின் வளைவில் ஒரு எருமை சேற்றில் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதைச் சொன்னாள். எருமையும் அங்கேயே கிடந்தது. போதாதா? மறுநாள் கிடங்கு வாசலில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், பிள்ளை வரம் கேட்டு ரெண்டு பெண்கள். “நான் கண்ணால பாத்தேன், அதான் சொன்னேன்” என்று அவள் அழாக்குறையாகச் சொன்னாள். ஆத்தா சோதிக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காய்ந்து கிடந்த சாக்கெல்லாம் மிதிபட்டுப் போக, தவுக்கே கோபத்தில் கத்திவிட்டுக் கிடங்கைப் பூட்டினான். இனி சாக்கை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்துக் கொடு என்று சொல்லிவிட்டான். ஆடுவதற்கு இருந்த இடம் போயிற்று.

நம் சனங்களிடம் இதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஆடினால் கேட்க ஒரே கேள்விதான் வைத்திருக்கிறார்கள்: யார் வந்திருப்பது? சாமி வரலாம், பேய் வரலாம். அவளே அவளாக ஆடலாம் என்பது ஒருத்தர் மண்டைக்கும் ஏறாது. அவள் சாமி என்று சொல்லியிருந்தால் அம்மன் பக்கத்துச் சனம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டிருக்கும். நான்தான் நான்தான் என்று உள்ளதைச் சொல்லிக் கெட்டாள்.

சிலுவைராஜுக்குச் செய்தி ரோட்டு வேலை நடக்கிற இடத்திலேயே எட்டியது. அவனுக்குக் கீழே கல் உடைக்கிற கூலியாட்கள், “கங்காணியாரே, வீட்ல ஆத்தா சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். கோவிலில் மற்ற ஆண்கள் இவன் பக்கத்தில் முழங்காலிடத் தயங்கினார்கள். அவன் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. நாலு பேர் சிரித்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்றுதான் அவனுக்கு வியாதி. அந்த வியாதி கொள்ளை வியாதியைவிட மோசம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

“இனிமே ஆடமாட்டேன்னு சொல்லு.”

“வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டுதானே? யாருக்குங்க கெடுதல்?”

“எதுக்கு ஆடுற? அதச் சொல்லு.”

“சும்மாதான்.”

“சும்மா எவளாவது ஆடுவாளா? பைத்தியக்காரி ஆடுவா, இல்ல பேய் பிடிச்சவ ஆடுவா. நீ ரெண்டுல எதுன்னு சொல்லித் தொலை!”

 மறுநாள் மூன்று மணிக்குச் சட்டி பானைகளை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, அந்தச் சின்ன அறைக்குள்ளேயே ஆடினாள். அவள் பாதம் தரையில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு தள்ளப்படும் சத்தமும் கேட்டது. அன்றைக்கென்று சிலுவைராஜ் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். பார்த்தவன் பேய்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

எங்கள் கோவில் சாமியார் வெள்ளைக்காரர், அப்போது மலாக்காவுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டி அனுப்பியிருப்பார். அவர் இல்லாத இடத்தில் இயேசுதாசன் புகுந்தான். அவன் ஒரு துரை வீட்டில் சமைக்கிற குசினிக்காரன். ஊரில் எத்தனையோ பேய்களை ஓட்டியிருப்பதாகப் பீற்றிக்கொள்வான். துரை வீட்டுக் கோழியைத் தவிர அவன் எதையும் ஓட்டி நான் பார்த்ததில்லை. அவன் வந்து ரோசம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வால்நட்சத்திரத்தோடு இறங்கின பேய், கடலோரத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றான். சிலுவைராஜ் சரியென்று தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காத்தோங்குக் கடற்கரைக்குப் புறப்பட்டோம். மருதப்பனின் வண்டியில் ரோசம்மாவும் சிலுவைராஜும் இயேசுதாசனும். பின்னால் இன்னொரு வண்டியில் வரிசை வீட்டுப் பெண்கள், திருவிழாவுக்குப் போவதுபோலப் புளிச்சோறு கட்டிக்கொண்டு. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன், இறக்கிவிட ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. வழியெல்லாம் ரோசம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பயந்தவளாகக்கூட இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம், முடிந்துவிடும் என்று நினைத்திருப்பாள் பாவி.

தென்னந்தோப்பில், கடலைப் பார்க்க உட்கார வைத்தார்கள். கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். இயேசுதாசன் தீர்த்தத்தைத் தெளித்தான், உப்பைப் போட்டான், அந்தோனியார் மன்றாட்டைப் பாதி சொல்லி மீதியை முழுங்கினான். பிறகு தாம்புக் கயிற்றின் நுனியை முறுக்கிக் கையில் எடுத்தான்.

“யாரு நீ?”

“நான்தான்.”

முதுகில் ஒன்று விழுந்தது.

“நான்தான்னா யாரு?”

“நான்தாங்க. தெரியலையா? யாரும் வரல. சும்மாதான் ஆடினேன்.”

மறுபடியும் விழுந்தது. மருதப்பன் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்து, “ஆத்தாள அடிக்காதீங்கய்யா, ஊரு அழிஞ்சுடும்” என்று கதறினான். அவன் ஒருத்தன்தான் தடுத்தான், அவனும் அவளுக்காகத் தடுக்கவில்லை. நான் கயிற்றைப் பிடுங்கப் பாய்ந்தேன். ரெண்டு பெண்கள் என்னை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். என் வாயை யார் கட்ட முடியும்? நான் திட்டின திட்டில் தோப்பில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது.

“பேரைச் சொல்லு! பேரைச் சொன்னாத்தான் விடுவேன்! பேரு என்ன?”

தோளில் ரவிக்கை கிழிந்து ரத்தம் கசிந்தது. அவள் ஒரு கையை மணலில் ஊன்றிக்கொண்டு, அத்தனை வருஷம் பேசாத வாயைத் திறந்து கத்தினாள். “ரோசம்மா! என் பேரு ரோசம்மா!”

 பெண்கள் எல்லாரும் ஓவென்று அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

எனக்கே முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் வரிசையின் கோடி வீட்டில் இன்னொரு ரோசம்மா இருந்தாள். வேதக்காரர் குடியிருக்கிற இடத்தில் ரோசம்மாவுக்கா பஞ்சம்? முந்தின வருஷம் அவள் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். அப்படிச் செத்தவள் அடங்கமாட்டாள், இன்னொருத்தி உடம்பைத் தேடி வருவாள் என்று அந்தக் கோடிப் பக்கம் பொழுது சாய்ந்தால் யாரும் போகமாட்டார்கள். அந்த ரோசம்மாதான் இந்த ரோசம்மாவுக்குள் புகுந்துகொண்டு பேசுகிறாள் என்று அத்தனை பேரும் ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டார்கள்.

“பாத்தீங்களா! தன் வாயாலேயே சொல்லிடுச்சு” என்றான் இயேசுதாசன். தான் செய்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

“அடேய் குசினிக்காரா! அது இவ பேருடா! இவளுக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேருடா!” என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. நான் சிலுவைராஜைப் பிடித்தேன். “யோவ், நீ சொல்லுய்யா! உன் பொண்டாட்டி பேரு என்ன?”

அவனுக்குத் தெரியாதா? பீடத்துக்கு முன்னால் நின்று அந்தப் பேரைச் சொல்லித்தானே கையைப் பிடித்தான்? என்னை ஒரு தரம் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. பேய் என்று ஆகிவிட்டால் பேயை ஓட்டிவிடலாம், நாளைக்கு வேலைக்குப் போய்த் தலை நிமிர்ந்து நிற்கலாம். பெண்டாட்டிதான் என்று ஆகிவிட்டால் அவன் என்ன செய்வான்? குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பினேன், எட்டவில்லை.

ரோசம்மாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை என்றதும் அவள் உடம்பு தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

“போறியா, இன்னும் வாங்குறியா?” என்றான் இயேசுதாசன்.

“போறேன்.”

“யாரு போறது? பேரைச் சொல்லிச் சொல்லு.”

“ரோசம்மா போறேன்.”

“திரும்ப வருவியா?”

“வரமாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் உச்சி மயிரில் ஒரு கற்றையை முடிச்சுப் போட்டு, தென்னை மரத்தில் வைத்து ஆணி அடித்து, கத்தியால் அறுத்தார்கள். பிறகு எல்லாரும் நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். ரோசம்மாவுக்கும் ஒரு இலையில் வைத்தார்கள். சாப்பிட்டாள். வண்டியில் திரும்பும்போது சிலுவைராஜ் தன் துண்டால் அவள் தோளில் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டான். தெளிஞ்சுட்டா, முகத்துல களை வந்துடுச்சு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். களையாம் களை!

சாமியார் மலாக்காவிலிருந்து வந்ததும் நான் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்குக் கோபம் வந்தது. இயேசுதாசனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பிறகு ரோசம்மாவை வரச்சொல்லி, “எப்படியம்மா இருக்கிறாய்?” என்று கேட்டார். “நல்லா இருக்கேன் சாமி” என்றாள். அதோடு அவரும் விட்டுவிட்டார்.

சிலுவைராஜுக்கு அதன் பிறகு நல்ல காலம். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பேயை ஜெயித்த வீடு என்று கோவிலில் முன் வரிசையில் இடம் விட்டார்கள். ரோசம்மா வீட்டில் உட்கார்ந்து சாக்குத் தைத்தாள். தைத்த சாக்கை அடுக்கினாள், உலை வைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் தேய்த்தாள். கூன் திரும்ப விழுந்தது. ராத்திரியில் அவள் தூக்கத்தில் சின்னவனோடு கசாயம் கசாயம் என்று பேசுவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள், சிலுவைராஜ் புக்கிட் தீமா பக்கம் வேலைக்குப் போயிருந்தான். நான் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சட்டி பானைகளை நானே சுவரோரம் தள்ளினேன். பாயைச் சுருட்டினேன்.

“எந்திரிடி. யாரும் இல்ல. வாசல்ல நான் உக்காந்துக்கிறேன், எவன் வர்றான்னு பாத்துடறேன். ஆடுடி.”

அவள் கோணி ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “யாரக்கா ஆடச் சொல்றீங்க?”

“உன்னைத்தான்டி! வேற யாரை? ரோசம்மாவைத்தான்!”

“அவதான் திரும்ப வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போயிட்டாளே” என்றாள்.

கேலியாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, அழுகையும் இல்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள். நான்தான் அழுதேன். ஒப்பாரி வைத்தே அழுதேன், அந்த வரிசை வீட்டுக்கே கேட்கட்டும் என்று. ஒருத்தரும் என்ன ஏது என்று எட்டிப் பார்க்கவில்லை.

நான் ஓயும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு, “ஊசிக் கண்ணு தெரியலக்கா. வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றாள். நான் தள்ளி உட்கார்ந்தேன்.